பறிமுதல் என்றால் பறிபோனது என்று பொருளில்லை

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வரும்போது, முள்ளோடை தாண்டி தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கினால் ஆல்பேட்டை சோதனைச் சாவடி வரும். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு என்பதால் இந்த எல்லையில் எப்போதும் ஒரு கண் இருக்கும். பையைத் திறக்கச் சொல்வார்கள், சீட்டுக்கு அடியில் பார்ப்பார்கள். பாட்டில் கிடைத்தால் ஆளும் போவார், வண்டியும் போகும். ஆள் சில நாளில் ஜாமீனில் வந்துவிடுவார். வண்டி வராது. எல்லையின் இரண்டு பக்கமும் காவல் நிலையங்களின் மதில் ஓரத்தில் பைக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, கடல் காற்றில் துருவேறி, சங்கிலிக்குள் கொடி படர்ந்து கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

என் சித்தப்பா மகனுடைய பைக் அப்படி பதினொரு மாதம் கிடந்தது. நண்பன் ஒருவன் அவசரம் என்று இரவல் வாங்கிப் போய் பாட்டில்களோடு மாட்டிக்கொண்டான். வண்டிக்காரனுக்கு விஷயமே தெரியாது என்பதை விசாரணையில் ஒப்புக்கொண்டு கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் பேட்டரி இல்லை, இரண்டு கண்ணாடியும் இல்லை, முன் சக்கரத்தில் போட்டிருந்த புது டயருக்குப் பதில் வழவழவென்று தேய்ந்த டயர். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். டயரை விட எனக்கு வலித்தது அவன் சொன்ன வார்த்தைதான். "பறிமுதல் பண்ணின வண்டிதானேண்ணா, அவங்க எடுத்துக்கிட்டா நாம என்ன கேக்க முடியும்?"

கேட்க முடியும். அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்காரும் நாட்களில் இதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே குழப்பம்தான், அதுவும் ஒரு சொல்லில் தொடங்குகிறது.

நாளிதழைத் திறந்தால் "பைக் பறிமுதல்", "50 மூட்டை குட்கா பறிமுதல்", "செல்போன்கள் பறிமுதல்" என்றுதான் இருக்கும். ஆனால் போலீஸ் அன்று செய்தது பறிமுதல் அல்ல, கைப்பற்றுதல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீதிமன்றமோ சட்டம் அதிகாரம் கொடுத்த ஓர் அதிகாரியோ இருக்க வேண்டும். கைப்பற்றுதல் என்பது ஒரு பொருளை வழக்குக்காகப் பிடித்து வைப்பது. அது திருட்டுப் பொருளா, குற்றத்துக்குப் பயன்பட்டதா, அல்லது சும்மா அந்த இடத்தில் இருந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. பறிமுதல் என்பது அதற்குப் பிறகு வருவது. நோட்டீஸ் கொடுத்து, உரியவர் சொல்வதைக் கேட்டு, உத்தரவு போட்டு, பொருளின் உரிமையையே அரசுக்கு மாற்றுவது. மதுவிலக்கு வழக்கில் வண்டி அரசுடைமை ஆவதும் இப்படித்தான். அப்போதுகூட, தனக்குத் தெரியாமல் வண்டி பயன்படுத்தப்பட்டது, தான் கவனமாகவே இருந்தேன் என்று உரிமையாளர் நிரூபித்தால் வண்டியைப் பறிக்க முடியாது.

ஆக, சோதனைச் சாவடியில் வண்டியைப் பிடித்த நிமிடத்திலிருந்து உத்தரவு வரும் நாள் வரை அந்த வண்டி யாருடையது? உங்களுடையதுதான். கையில் இல்லை, அவ்வளவே.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் ஊற்றலாம். நம் கட்டிலில் படுத்துத் தூங்க முடியாது, நம் மிக்சியைத் தன் மகளுக்குச் சீராகக் கொடுக்க முடியாது. போலீஸ் ஸ்டேஷன் அந்த அக்காவின் இடத்தில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அக்காவிடம் நாம் விரும்பிக் கொடுத்தோம். இங்கே சட்டம் நம் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. விருப்பமில்லாமல் எடுத்த பொருளுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். இதை நம் ஆட்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். போலீஸே எடுத்ததால் பொறுப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, பொருள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பார்க்கலாம்.

1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இதே சட்டம்தான். அதில் 106-ஆம் பிரிவு, பழையதில் 102. திருடப்பட்டது என்ற சந்தேகம் இருந்தாலோ, ஒரு குற்றத்தோடு தொடர்பு இருக்கும் என்ற சந்தேகத்துக்கு இடமான நிலையில் கிடைத்தாலோ ஒரு பொருளைப் போலீஸ் கைப்பற்றலாம். கைப்பற்றியதை உடனே குற்றவியல் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தி போகிற நிமிடத்தில் பொருளின் மேல் நடுவரின் கண் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்டேஷன் சார்பில் யார் என்ன செய்தாலும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாமல் ஸ்டேஷனிலேயே ஒரு பொருள் கிடந்தால், அங்கேதான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

கைப்பற்றும்போது எழுதுகிற தாளுக்கு நம் பக்கம் மகஜர் என்று பெயர், அத்தாட்சி என்றும் எழுதுவார்கள். என்ன பொருள், என்ன நிறம், எவ்வளவு எடை, எங்கே கிடைத்தது, எத்தனை மணிக்கு, யார் யார் சாட்சி என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வீட்டைச் சோதனை போட்டால் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பேரையாவது சாட்சியாக வைத்து, எடுத்த பொருட்களின் பட்டியலின் நகலை வீட்டில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவரைக் கைது செய்து உடம்பைச் சோதனை போட்டால், எடுத்துக்கொண்ட பொருட்களுக்கு அவரிடம் ரசீது தர வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. பர்ஸ், மோதிரம், வாட்ச், செல்போன் எல்லாம் இதில் அடக்கம். இந்த ரசீதைக் கையில் வைத்திருந்த ஒருவரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். சட்டத்தில் இருக்கிறது என்பதே தெரியாததால் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் கொடுப்பதில்லை.

புதிய சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு 105. சோதனையையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவது வரை, ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். செல்போனில் எடுத்தாலே போதும். இது நேர்மையான போலீஸ்காரருக்கும் பாதுகாப்பு. பத்துப் பவுன் எடுத்துவிட்டு எட்டு என்று எழுதினார்கள் என்று யாரும் அவர் மேல் பழி போட முடியாது.

அப்புறம் பொருள் ஸ்டேஷனுக்கு வரும். பதிவேட்டில் ஏறும். எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டர், ஃபார்ம் 91 என்று சொல்லும் படிவத்தில் விவரம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அங்கே சொத்து எண் போட்டு வாங்கிக்கொள்வார்கள். லாரி, டிராக்டர் மாதிரி பெரிய பொருட்களைக் கோர்ட்டில் வைக்க இடம் ஏது? கணக்கு நீதிமன்றத்திலும் பொருள் ஸ்டேஷன் வாசலிலும் கிடக்கும்.

இந்தப் பாதையில் எங்கே ஓட்டை விழுகிறது என்றால், பெரும்பாலும் முதல் தாளிலேயே. எழுதாத பொருளைத் தேட யாராலும் முடியாது. தங்கச் செயின் என்று எழுதாமல் "மஞ்சள் நிற உலோகச் செயின்" என்று எழுதுவது ஸ்டேஷன் வழக்கம். சோதிக்காமல் தங்கம் என்று எழுத முடியாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடையும், எத்தனை கண்ணி என்பதும், கொக்கி எப்படி இருக்கிறது என்பதும் அந்த வரியில் இல்லையென்றால், நாளைக்கு அதே இடத்தில் ஒரு கவரிங் செயினை வைத்தாலும் தாளும் பொருளும் பொருந்திவிடும். பணமும் அப்படித்தான். "ரொக்கம் ரூ.40,000" என்று மொட்டையாக எழுதக் கூடாது, எந்த நோட்டு எத்தனை என்று எழுத வேண்டும், முடிந்தால் வரிசை எண்ணும். 8.11.2016 அன்று பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனபோது, நாடு முழுக்க ஸ்டேஷன்களிலும் கோர்ட்டுகளிலும் வழக்குப் பணமாக அந்த நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றை மாற்றிக்கொள்ள 2017-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஆனால் வரிசை எண்கள் கைப்பற்றிய துறையால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மகஜரில் ஒரு வரி கூடுதலாக எழுதிய எழுத்தர் ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காப்பாற்றியிருப்பார்.

இரண்டாவது ஓட்டை, பயன்படுத்துவது. பிடித்து வைத்த பைக்கில் டீ வாங்கப் போவது சின்னதாகத் தோன்றும். கான்பூரில் ஒருவருடைய கார் 2018-இன் கடைசி நாளில் திருடுபோனது. இரண்டு வருடம் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து அவருக்கு போன் வந்தது, உங்கள் கார் சர்வீஸ் எப்படி இருந்தது என்று. விசாரித்தால் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு காவல் நிலைய அதிகாரி. கேட்பாரற்றுக் கிடந்த கார் என்று பிடித்து வைத்தோம் என்றது போலீஸ். திருட்டுப் புகார் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்தவரை நினைத்துப் பாருங்கள்.

பேட்டரி, டயர் காணாமல் போவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பொருளைத் திருப்பித் தர பேரம் பேசுவதும் நடக்கிறது. "கோர்ட்டுக்குப் போனா இழுத்தடிக்கும், இங்கேயே முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது உதவி அல்ல. நடுவருக்குத் தெரிவித்துவிட்ட பொருளை, அவருடைய உத்தரவோ, கோர்ட் கேட்கும்போது கொண்டுவருவேன் என்ற பத்திரமோ இல்லாமல் ஸ்டேஷன் யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. நீங்கள் பணம் கொடுத்தால் நீங்களும் தவறில் பங்காளி ஆகிவிடுவீர்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். குற்றவாளியின் பொருள்தானே, அது கெட்டால் என்ன? இதை நல்லவர்களே கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

கைப்பற்றிய பொருட்களில் பல, குற்றம் சாட்டப்பட்டவருடையவையே அல்ல. திருடுபோன உங்கள் செயின், உங்கள் செல்போன். திருடன் பிடிபட்டவுடன் அது வழக்குச் சொத்தாகி ஸ்டேஷனுக்குத்தான் வரும். திருடனிடமிருந்து மீண்ட நகை பாதுகாக்க வேண்டியவர் கையில் தொலைந்தால், அந்த அம்மாவுக்கு அது இரண்டாவது திருட்டு. அடுத்தது, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. அவருடைய ஆட்டோ அவர் வீட்டு அரிசி. மூன்றாவதுதான் முக்கியமானது. அந்தப் பொருள் வழக்கின் உண்மை.

கண்ணகி கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சான்றுப் பொருள் பற்றிய கதையாக ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை அரண்மனையில் அப்படியே வைத்திருந்தார்கள். கண்ணகி வந்து கேட்டபோது பாண்டியன் அதைக் கொண்டுவரச் சொல்லி அவள் முன்னே வைத்தான். உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அந்த ஒற்றைச் சிலம்பை யாரோ இடையில் மாற்றி வைத்திருந்தாலோ, பொற்கொல்லனிடமே கொடுத்து உருக்கியிருந்தாலோ, கோவலன் இன்றுவரை கள்வன்தான். விசாரிக்காமல் கொன்றது அந்த அரசின் பெரும் பிழை. ஆனால் எடுத்த பொருளை எடுத்தபடி வைத்திருந்ததால்தான் அந்தப் பிழை வெளியே வந்தது. நம் வீட்டுப் பிள்ளை மேல் பொய் வழக்கு வந்தால் அவனைக் காப்பாற்றப் போவதும் கெடாமல் இருக்கும் சான்றுப் பொருள்தான்.

எதிர்ப் பக்கமும் அதே கதை. சென்னையில் 22 கிலோ கஞ்சா பிடிபட்ட வழக்கு ஒன்றில், நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று காவல் துறை சொன்னது. 2023-இல் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். போதைப் பொருள் கிடங்கில் தேங்கினால் அது களவு போய் மறுபடி தெருவுக்கே வந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டு, மாதிரி எடுப்பது, சேமிப்பது, அழிப்பது பற்றி 2016-லேயே மோகன்லால் வழக்கில் விரிவாக உத்தரவிட்டிருந்தது.

தொலைத்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் கொடுத்த பதில் ஒரே நாளில் வந்ததல்ல. முதல் பதில் மனதைக் கஷ்டப்படுத்துவது.

20.9.1947. நாடு பிரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட் வந்தார். இரவில் கடைத் தெருவில் மூன்று கான்ஸ்டபிள்கள் அவரை நிறுத்தி, திருட்டு நகை என்று சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்தார்கள். 103 தோலாவுக்கு மேல் தங்கம், இன்றைய கணக்கில் சுமார் 1,200 கிராம். வெள்ளி 80 கிலோ அளவுக்கு. மறுநாள் ஜாமீனில் விட்டார்கள், பிறகு வெள்ளியையும் திருப்பிக் கொடுத்தார்கள். தங்கம் வரவில்லை. ஸ்டேஷன் சொத்து அறைக்குப் பொறுப்பாக இருந்த ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். தங்கத்தைக் கருவூலத்தில் வைக்க வேண்டும் என்று விதி இருந்தும் வைக்கவில்லை. வியாபாரியின் நிறுவனம் அரசு மேல் வழக்குப் போட்டது. கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். 1964-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஊழியர்கள் கவனக்குறைவாக இருந்தது உண்மை. ஆனால் கைது செய்வதும் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மை சார்ந்த வேலை, அதில் நடந்த தவறுக்கு அரசு இழப்பீடு தரத் தேவையில்லை. இப்படிச் சொன்ன நீதிபதிகளுக்கே மனம் ஒப்பவில்லை. சட்டத்தை மாற்றுவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

என் சித்தப்பா மகன் "என்ன கேக்க முடியும்" என்று சொன்னானே, 1964-இல் அது சட்டப்படியும் சரியாக இருந்த பேச்சு. இன்று அப்படி இல்லை.

1967-இல் குஜராத் மாநிலத்து வழக்கு ஒன்றில், கைப்பற்றிய வண்டிகளை மேல்முறையீடு முடியும் முன்பே விற்றுவிட்ட அரசு, அதன் விலையைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவன் அதைப் பத்திரமாகத் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்ற பழைய நியாயம்தான். 1977-இல் பசவ்வா வழக்கு. கர்நாடகத்தில் ஒரு பெண்ணின் திருடுபோன நகைகள் மீட்கப்பட்டு, ஸ்டேஷனில் இருக்கும்போது காணாமல் போயின. போதிய கவனம் எடுத்தோம் என்று அரசால் காட்ட முடியாததால், நகையின் மதிப்பாக 10,000 ரூபாயை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பொருள் இல்லையே என்று கையை விரிக்க முடியாது, பொருளின் விலை இருக்கிறது என்பது இந்தத் தீர்ப்பிலிருந்து நமக்குக் கிடைத்தது. 1994-இல் ஆந்திராவின் நாகேந்திர ராவ் வழக்கில், கைப்பற்றிய உரமும் தானியமும் அரசின் காவலில் கெட்டுப்போனதற்கும் இழப்பீடு கிடைத்தது. இறையாண்மை என்ற பழைய கவசம் அங்கே எடுபடவில்லை.

எல்லாவற்றையும் விட நமக்குத் தினமும் பயன்படுவது 2002-இல் வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பு. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களே போலீஸ்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. குஜராத்தில் ஒரு ஸ்டேஷனில் வழக்குப் பொருட்களை எடுத்துக்கொண்டு போலியை வைத்தது, பணத்தைக் கையாடியது, அனுமதியில்லாமல் ஏலம் விட்டது, பதிவேட்டைத் திருத்தியது என்பதெல்லாம் குற்றச்சாட்டு. அதை விசாரிக்க வந்த உச்ச நீதிமன்றம், பொருள் வருடக் கணக்கில் ஸ்டேஷனில் கிடப்பதுதான் நோய்க்கு மூலம் என்று கண்டது. நகையோ வண்டியோ, விரிவாகப் பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். விசாரணையில் அந்தப் போட்டோவே சான்றாகட்டும். வண்டிகளை நீண்ட காலம் ஸ்டேஷனில் போட்டு வைப்பதில் யாருக்கும் பயனில்லை. இதுதான் அதன் சாரம். இன்று வக்கீல்கள் வண்டி விடுவிப்பு மனு போடும்போது முதலில் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

அது இப்போது சட்டமாகவே ஆகிவிட்டது. பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவின்படி, பொருள் நீதிமன்றத்துக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரக் குறிப்பு தயாராக வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், தேவையென்றால் வீடியோவும். அதிலிருந்து 30 நாளுக்குள் பொருளை யாரிடம் கொடுப்பது, அழிப்பதா, அரசுடைமை ஆக்குவதா என்று உத்தரவு போட வேண்டும். ஆல்பேட்டை பக்கம் பதினொரு மாதம் கிடந்த வண்டிகளுக்கு இது பெரிய நம்பிக்கை. நடைமுறைக்கு முழுதாக வர நாமும் மனுப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு மாதிரி. அங்கே உரிமையாளர் மேல் தண்டனை இல்லாமலேயே பொருளின் மேல் வழக்குப் போட்டு அதைப் பறிக்கிற முறை இருக்கிறது. மத்திய அரசோடு சேர்ந்து செய்தால் வரும் தொகையில் 80 சதவீதம் வரை உள்ளூர்க் காவல் துறைக்கே போகலாம். 2019-இல் ஒருவரின் 42,000 டாலர் மதிப்புள்ள காரை, அதிகபட்ச அபராதமே 10,000 டாலராக இருந்த குற்றத்துக்காகப் பறித்ததை எதிர்த்த வழக்கில், அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான அரசியலமைப்புப் பாதுகாப்பு மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மிடம் பறிமுதல் பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது, ஸ்டேஷனுக்கு வருமானம் இல்லை. இது நல்ல ஏற்பாடு. அதனால் நம் ஊரில் நடக்கும் தவறு, துறையின் பெயரால் நடப்பதில்லை. தனி ஆட்கள் செய்வது. தனி ஆள் செய்ததை நிரூபிக்கத் தாள் வேண்டும், அதனால்தான் மகஜர், ரசீது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

போலீஸ் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு ஸ்டேஷனில் நூறு வண்டி நின்றால் அதற்குக் கூரை போட அவர்களிடம் இடமும் இல்லை, நிதியும் இல்லை. ரைட்டர் மாறிப் போனால் புதியவர் பதிவேட்டைச் சரிபார்த்து வாங்குவதற்குள் மூன்று பந்தோபஸ்து வந்துவிடும். ஆனால் இதற்கும் சட்டத்திலேயே வழி உண்டு. பொருளை வைக்க இடமில்லை என்றாலோ, விசாரணைக்கு இனி அது தேவையில்லை என்றாலோ, கோர்ட் கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவரிடம் ஒப்படைக்க 106-ஆம் பிரிவே போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. அதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

உங்கள் பொருள் கைப்பற்றப்பட்டால் என்ன செய்வது? அந்த இடத்திலேயே பட்டியலைப் படித்துப் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வண்டி என்றால் என்ஜின் எண், சேசிஸ் எண், பேட்டரி இருக்கிறதா, டயர் எந்த நிலையில் இருக்கிறது, கிலோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதை எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் சின்ன விஷயமாகத் தெரியும். திரும்பி வரும்போது 300 கிலோமீட்டர் கூடியிருந்தால் வண்டி ஸ்டேஷனில் சும்மா நிற்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஸ்டேஷனுக்குரிய குற்றவியல் நடுவர் எங்கே என்று கேளுங்கள். கன்னியக்கோவிலில் பிடித்தால் வழக்கு புதுச்சேரியில், ஆல்பேட்டையில் பிடித்தால் கடலூரில். நடுவில் இருப்பது சில கிலோமீட்டர்தான் என்றாலும் ஸ்டேஷனும் கோர்ட்டும் வேறு. இதில் குழம்பி இரண்டு வாரம் வீணாக்கியவர்கள் உண்டு.

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், ஆதார் நகலோடு மனுப் போட வேண்டும். வழக்கு இன்னும் கோர்ட்டுக்கு வராமல் விசாரணையில் இருந்தால் பொதுவாக பி.என்.எஸ்.எஸ். 503-ஆம் பிரிவு, கோர்ட்டில் இருந்தால் 497. நடுவர் பத்திரமும் ஜாமீன்தாரரும் கேட்பார். விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவார். மதுவிலக்கு வழக்கிலும் மணல் வழக்கிலும் வண்டியை அரசுடைமையாக்கத் தனிச் சட்டம் குறுக்கே வரும். அங்கே வக்கீல் இல்லாமல் இறங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். உரியவர் யாரென்றே தெரியாத பொருளுக்கு நடுவர் அறிவிப்பு வெளியிடுவார். ஆறு மாதத்துக்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் அரசு அதை விற்றுவிடலாம். வெளியூரில் வேலை என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

பொருளை வாங்கும்போது இரண்டாவது முறை தாளைப் பாருங்கள். மகஜரில் இருந்தது கையில் இல்லையென்றால், வாங்கிக்கொண்டேன் என்ற கையெழுத்துக்கு மேலேயே என்ன இல்லை என்பதை எழுதுங்கள். பிறகு காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். காவலில் வைத்த பொருளை ஓர் அரசு ஊழியர் கையாடினால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5) பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறையோ, ஆயுள் தண்டனையோகூட உண்டு. லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்புப் பிரிவு. புதுச்சேரியில் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கவென்றே தனி ஆணையம் இருக்கிறது.

என் சித்தப்பா மகனுக்கு இதெல்லாம் தெரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் தெரியும். "எல்லாம் சரியாக உள்ளது, பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேட்டரி இல்லாத வண்டியை மஞ்சக்குப்பம் மெக்கானிக் கடை வரை வெயிலில் தள்ளிக்கொண்டு போனோம்.